ஒன்றேகால் சுற்று

அவருடைய வேலையை இரண்டு வரியில் எழுதிவிடலாம். ஒருநாளும் ஓடாத ஒரு மின்நிலையத்தில், ஒருநாளும் ஓடாத டர்பைனின் சுழல்தண்டைப் பத்தொன்பது ஆண்டு நான்கு மாதம் வாரம் ஒருமுறை கையால் சுற்றினார். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதுக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்குள் முடிப்பார். மொத்தம் 1,009 வாரங்கள். ஒன்றும் விட்டுப்போகவில்லை. அவருடைய அப்பா இறந்த வாரத்தின் பதிவுத் தாளில் மட்டும் செவ்வாய்க்குப் பதில் வியாழன் என்று இருக்கிறது, காரணமும் எழுதியிருக்கிறது. அந்த 1,009 தாள்களும் என் கைவழியாகத்தான் அலமாரிக்குப் போயின. நிலையத்தின் பதிவேடுகளுக்கு நான் பொறுப்பாளனாக இருந்தேன். என்னைத் தாள் சார் என்பார்கள். அவரைச் சுத்துக்காரர் என்பார்கள்.

தண்டை ஏன் சுற்ற வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது நாற்பது மீட்டர் நீளம், முந்நூறு டன்னுக்கு மேல் எடை. தாங்கிகளின்மேல் படுத்திருக்கும். ஓடிக்கொண்டிருந்தால் அதற்கு ஒரு குறையும் வராது. அசையாமல் ஒரே பக்கமாகக் கிடந்தால் தன் எடைக்கே தொய்ந்துவிடும். அந்தத் தொய்வு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு முறை சுழல வேண்டிய பொருள் அது. மயிரிழை தொய்ந்தாலும் ஓட்ட முடியாது. ஆகவே எண்ணெய் பம்பைப் போட்டுத் தண்டைத் தாங்கியிலிருந்து மயிரிழை தூக்கிவிட்டு, பற்சக்கரத்தில் மாட்டிய நீண்ட நெம்புகோலைப் பிடித்து இழுக்க வேண்டும். ஓர் இழுப்புக்கு மூன்று பாகை நகரும். அதற்கென்று வைத்திருந்த மோட்டாரை, நிலையத்தின் கட்டுமானம் நின்ற முதல் மாதத்திலேயே வேறு நிலையத்துக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தோள் அகலமாக இருந்த ஒரு ஃபிட்டரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்தார்.

கட்டுமானம் ஏன் நின்றது என்பது கொஞ்சம் பெரிய கதை. நிலக்கரி நிலையத்தில் செலவின் பெரும்பகுதி அன்றன்று எரிகிற கரியில் இருக்கிறது. எங்களுடையதுபோன்ற அணுமின் நிலையத்தில் எரிபொருளுக்கு ஆவது சொற்பம், கட்டுவதுதான் செலவு. ஒரு யூனிட் விற்பதற்கு முன்பே அத்தனை பணமும் போய்விடும், அதுவும் கடன் வாங்கிய பணம். வேலை இழுக்க இழுக்க வட்டி ஏறும். எங்கள் நிலையத்தின் முதல் மதிப்பீட்டை நூறு என்று வைத்துக்கொண்டால், ஆறு ஆண்டில் முடிய வேண்டியது ஒன்பதாம் ஆண்டில் முக்கால் பங்குகூட முடியாமல் இருந்தபோது செலவு இருநூற்று நாற்பது. அதில் எண்பத்தொன்று வெறும் வட்டி. அந்த ஆண்டு வேலையை நிறுத்தினார்கள். இரண்டாயிரத்து அறுநூறு பேர் இருந்த இடத்தில் நாற்பத்தொரு பேர் மிஞ்சினோம்.

நிறுத்தினார்களே தவிர, கைவிடவில்லை. கைவிட்டால் இருநூற்று நாற்பதையும் ஒரே நாளில் நஷ்டம் என்று எழுத வேண்டும். நிறுத்திவைத்தால் அது சொத்து. அந்தச் சொத்து கெடாமல் இருக்கிறது என்று வாரந்தோறும் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துதான் சுத்துக்காரருடையது.

இரண்டு ஆண்டுக்கு ஒரு குழு வரும். போன பணம் போனதுதான், இனி ஆகும் செலவை மட்டும் பார்த்தால் முடிப்பதே லாபம், நான்கு ஆண்டு போதும் என்று எழுதிவிட்டுப் போகும். பத்தொன்பது ஆண்டில் ஒன்பது குழுக்கள் வந்தன. ஒன்பது அறிக்கையிலும் அதே நான்கு ஆண்டுதான்.

டர்பைன் கூடத்துக்குள் முதல்முறை வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. விளக்குகள் எரியும். ஈரத்தை உறிஞ்சும் எந்திரங்கள் ஆறு, சுவரோரம் ஒரே சுருதியில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். தரையில் தூசி இருக்காது. மேலே கட்டுப்பாட்டு அறையில் பொத்தான்களின்மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. நாற்காலிகள் உறையோடு வரிசையாக நிற்கும். சுவர்க்கடிகாரம் சரியான நேரம் காட்டும். மின்சாரம் தரவேண்டிய இடம் மின்சாரம் வாங்கிக்கொண்டிருந்தது. வெளியே போவதற்கான மீட்டர் ஐந்து பூஜ்யங்களோடு நின்றது. உள்ளே வருவதற்கான மீட்டரின் எண்களை நான் மாதாமாதம் குறித்தேன். இறந்த வீடு என்றால் ஒருகாலத்தில் யாரோ வாழ்ந்திருப்பார்கள். இங்கே அதுவும் இல்லை. பிறக்காத ஒன்றைச் சாகாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சுத்துக்காரர் மட்டும் அங்கே சாதாரணக் குரலில் பேசுவார். கேன்டீனில் ஆட்கள் அவரை விடமாட்டார்கள்.

"என்ன சுத்துக்காரரே, இன்னைக்கு எத்தனை யூனிட் கரண்ட் எடுத்தீங்க?" என்று எலெக்ட்ரீஷியன் கேட்பான்.

"ரெண்டு டம்ளர் வேர்வை. உன் வீட்டுக்கு லைன் போட்டுத் தரவா?"

"பில் வருமாண்ணே?"

"வட்டியோட வரும். உன் பேரன் கட்டுவான்."

சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் தண்டைப் பற்றிப் பேசும்போது சிரிப்பு இருக்காது. ஒருமுறை என்னிடம் சொன்னார்: "கடைசி இழுப்பு முடிஞ்சு பம்பை நிறுத்தினதும், எண்ணெய் வழிஞ்சு ஷாஃப்ட் மெதுவா உக்காரும் சார். அப்ப ஒரு சத்தம் வரும். தூங்கற ஆள் புரண்டு படுக்கற மாதிரி. எந்திரிச்சிடுமோன்னு ஒவ்வொரு வாரமும் ஒரு நிமிஷம் நின்னு பார்ப்பேன்."

பத்தாவது குழு வந்தபோது அவருக்கு ஐம்பத்தைந்து வயது, எனக்கு ஐம்பத்தாறு. இந்தக் குழு வேறு மாதிரி இருந்தது. அதன் மதிப்பீட்டாளர் ஒரு பெண்மணி, நாற்பது வயதிருக்கும். முந்தைய ஒன்பது அறிக்கைகளையும் என்னிடம் கேட்டு வாங்கி, என் அறையிலேயே உட்கார்ந்து நான்கு நாள் படித்தார். ஐந்தாம் நாள் சுத்துக்காரரையும் என்னையும் தண்டின் பக்கத்தில் நிற்கவைத்துப் பேசினார்.

"அய்யா, இந்தத் தடவை நம்ம கரண்ட்டை வாங்கறதுக்கு ஆள் இருக்கு. விலையும் சொல்லிட்டாங்க. இப்ப முடிச்சா, வெளிய வாங்கற கரண்ட்டைவிட யூனிட்டுக்கு நாலு காசு மலிவா வரும். எல்லாம் நல்லா இருந்தா."

"எல்லாம்னா என்னம்மா?"

"முக்கியமா உங்க ஷாஃப்ட். அது நேரா இருக்கணும்."

"வளைஞ்சிருந்தா புதுசு வாங்கிக்கலாமே? இவ்வளவு செலவு பண்ணினவங்களுக்கு அது ஒரு விலையா?"

"விலை பெரிசில்ல. மொத்தத்துல நூத்துக்கு ரெண்டு. ஆனா செஞ்சு வர மூணு வருஷம் ஆகும். அந்த மூணு வருஷமும் மத்ததெல்லாம் சும்மா கிடக்க, வட்டி மட்டும் ஓடும். நாலு காசு லாபம் ஏழு காசு நஷ்டமா மாறிடும். அப்புறம் யாரும் தொடமாட்டாங்க."

சுத்துக்காரர் தண்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். "அப்ப ஓடும்மா. இது நேராத்தான் இருக்கு. ஒரு வாரம் விட்டதில்ல."

அன்று சாயங்காலம் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் பேசினார். அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. ஓடத் தொடங்கும் நாளில் கூடத்தில் தான் எங்கே நிற்பது என்றுகூட முடிவுசெய்து வைத்திருந்தார்.

அளவைக்காரர் அடுத்த வாரம் வந்தார். கடிகார முகம் வைத்த சிறிய கருவி ஒன்றைத் தண்டின் நடுவில் பொருத்தினார். தண்டு சுற்றும்போது வளைவு இருந்தால் ஊசி ஏறி இறங்கும். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் ஐந்து பங்குவரை மன்னிக்கலாம். நெம்புகோலை வேறு யாரையும் தொடவிடாமல் சுத்துக்காரரே இழுத்தார். இழுத்துக்கொண்டே ஊசியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஊசி ஐந்தைத் தாண்டியது. பத்தைத் தாண்டியது. பதினெட்டில் நின்று திரும்பியது.

"மறுபடி பாருங்க சார்," என்றார் சுத்துக்காரர்.

மூன்று முறை பார்த்தார்கள். மூன்று முறையும் பதினெட்டு. தண்டின் மேல்விளிம்பில் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு குறி உண்டு. வளைவின் அடிப்புறம் சரியாக அந்தக் குறிக்கு நேர் எதிரே இருந்தது. அளவைக்காரர் கருவியைக் கழற்றித் துணியில் துடைத்தபடி, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்:

"இது சுத்தின ஷாஃப்ட் இல்ல. பல வருஷமா ஒரே நிலையில கிடந்த ஷாஃப்ட்."

பத்து நாளில் கடிதம் வந்தது. வாராந்தரத் தாள்கள் வேலை செய்யாமலே நிரப்பப்பட்டனவா என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். அதற்கு முன்பே கேன்டீனில் பேச்சு மாறிவிட்டது. "பத்தொம்பது வருஷமா பம்பைப் போட்டுட்டு பேப்பர் படிச்சிருக்காரு மனுஷன்." "நம்ம எல்லார் வேலைக்கும் உலை வச்சுட்டாருய்யா." அவர் காதில் விழும்படியே சொன்னார்கள். அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் எலெக்ட்ரீஷியன் மட்டும் பின்னாலேயே போய்க் கேட்டான்: "நிஜமாவே சுத்தினீங்களாண்ணே?" அந்தக் கேள்விதான் அவரை உடைத்தது என்று பிறகு அவர் மனைவி சொன்னார். மற்றவர்கள் திட்டினார்கள். இவன் சந்தேகப்பட்டுவிட்டான்.

அவர் சுற்றினார் என்பது எனக்குத் தெரியும். மாதம் ஒருமுறை மேலே கண்ணாடி மாடத்தில் நின்று நானே பார்த்திருக்கிறேன். அதை நிரூபிக்கத்தான் தாள்களை இறக்கினேன். பின்னாலிருந்து முன்னால் போனேன். 1,009லிருந்து ஐந்தாவது தாள்வரை எல்லாம் ஒன்றுபோல் இருந்தன: இழுப்பு 240, குறி மேலே உள்ளதா, ஆம். எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. அவ்வளவு சீரான பதிவு வேறெந்தக் கோப்பிலும் இல்லை.

நான்காவது தாளில் இழுப்பு 150. குறி மேலே. மூன்றாவதில் 150, குறி இடப்பக்கம். இரண்டாவதில் 150, குறி கீழே. முதல் தாளில் 150, குறி வலப்பக்கம்.

மூன்றாவது தாளோடு ஒரு துண்டுச்சீட்டு குத்தியிருந்தது. என் கையெழுத்து. "மூன்று வாரமும் குறி ஒவ்வொரு பக்கம் உள்ளது. மேலே கொண்டுவந்து நிறுத்திய பிறகே தாளை அனுப்பவும்."

அந்தப் படிவத்தைத் தயாரித்தவன் நான். மேலே, தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ளபடி, 'ஒன்றேகால் சுற்று' என்று அச்சிட்டேன். கீழே, கையேட்டில் இல்லாத ஒரு கட்டத்தை நானாகச் சேர்த்தேன்: குறி மேலே உள்ளதா? மாடத்திலிருந்து பார்த்தாலே வேலை முடிந்ததா என்று தெரிய வேண்டும், எண்ணெய்த் தரையில் இறங்கக் கூடாது, எல்லாத் தாளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். ஒன்றேகால் சுற்றுக்கு நூற்றைம்பது இழுப்பு. அதோடு விட்டால் தண்டு ஒவ்வொரு வாரமும் கால் சுற்றுத் தள்ளி வேறு பக்கமாகப் படுக்கும். கால் சுற்று அதற்காகத்தான். கையேட்டின் அறுபத்து நான்காம் பக்கத்தில் அது இருக்கிறது. நான் அச்சிட எடுத்தது நாற்பதாம் பக்கம். என் கட்டத்தில் 'ஆம்' போடுவதற்காக அவர் இன்னும் தொண்ணூறு இழுத்து, தண்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். 1,005 வாரம். 90,450 இழுப்பு. நான்கு பொறியாளர்கள் அடுத்தடுத்து வந்து அந்தத் தாள்களில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். முன்னுக்குப் பின் முரணான இரண்டு வரிகள் ஒரே தாளில் இருந்தன. ஒருவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. தாள்கள் அவ்வளவு ஒழுங்காக இருந்தன.

மூன்றாவது தாளை விசாரணைக்குக் கொடுத்தால் அவர் பொய்யரில்லை என்று ஆகிவிடும். கூடவே, தண்டை வளைத்தது அவர் உழைப்புதான் என்றும் ஆகிவிடும். நான் உடனே கொடுக்கவில்லை. அதைப் பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. அவர் மனைவி முன்னறையில் தையல் எந்திரத்தில் இருந்தார்.

"வாங்கண்ணே," என்று எந்திரத்தை நிறுத்தினார். "சாப்பிடவே மாட்டேங்கறாரு. நீங்களாவது சொல்லுங்க."

சுத்துக்காரர் தாளை வாங்கிப் படித்தார். சீட்டைப் படித்தார். மறுபடி தாளைப் படித்தார். அவர் விரல் சீட்டில் 'மூன்று வாரமும்' என்ற சொற்களின்மேல் நகர்ந்தது.

"இது உங்க கையெழுத்து."

"ஆமா."

"ஒன்னேகால் எதுக்கு சார், முழுசா சுத்தினா ஆகாதான்னு உங்ககிட்ட கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. கையேட்டுல அப்படி இருக்குன்னு சொன்னேன்."

"பக்கம் மாத்திப் படுக்க வைக்கறதுக்கா?"

"அதுக்குத்தான்."

அவர் இடக்கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு, என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல் சொன்னார்: "முதல் நூத்தம்பது தெரியாது. பேசிக்கிட்டே போயிடும். அந்தக் கடைசித் தொண்ணூறுலதான் தோள் கழண்டுபோகும். குறி மேல வரணுமேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுப்பேன்."

"அண்ணே," என்றார் அவர் மனைவி, "இதைக் குடுத்தா இவர் பேர்ல தப்பில்லன்னு ஆயிடுமா?"

"ஏமாத்தினார்ங்கற பேச்சு போயிடும்மா."

"குடுக்கலேன்னா?"

"அந்தப் பேச்சு நிக்கும். ஆனா எப்படி வளைஞ்சதுங்கறது வெளிய யாருக்கும் தெரியாது. நம்ம மூணு பேரோட போயிடும். என்ன செய்யணும்னு நீங்கதான் சொல்லணும், நான் இல்ல."

அவர் மனைவி கணவரைப் பார்த்தார். "அப்படின்னா குடுக்க வேணாம். ஊர் ஒரு மாசம் பேசும், மறந்துடும். இது உங்களுக்குள்ளயே உக்காந்துக்கும். உங்களை எனக்குத் தெரியாதா?"

சுத்துக்காரர் தாளை மடிக்காமல் என் கையில் திருப்பித் தந்தார்.

"குடுங்க சார். ஏமாத்தினவன்னு வேணாம். வளைச்சவன்னு இருந்துட்டுப் போறேன்."

"வளைச்சது நீங்க இல்ல. நான்."

"நீங்க தாள்ல வளைச்சீங்க. கையால வளைச்சது நான்தானே?"

திங்கட்கிழமை காலை கொடுத்தேன். விசாரணை ஒரு வாரத்தில் முடிந்தது. 'படிவத்தின் அமைப்பில் இருந்த குறை. தனிநபர் எவரும் பொறுப்பல்ல' என்று எழுதினார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம்கூட வரவில்லை. வந்திருந்தால் அதற்கும் ஓர் எண் போட்டுக் கோப்பில் வைத்திருப்பேன். எலெக்ட்ரீஷியன் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டான். பத்தாவது குழு, முடிப்பது கட்டுப்படியாகாது என்று எழுதியது. இருநூற்று நாற்பதும் ஒரு மார்ச் மாத மாலையில், ஒரே வரியில் நஷ்டமாயிற்று. ஈரம் உறிஞ்சும் எந்திரங்களை நிறுத்தினார்கள். அந்த ஓசை நின்றபோது கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

மதிப்பீட்டாளருக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். தண்டு நேராக இருந்திருந்தால் நிலையம் உண்மையிலேயே ஓடியிருக்குமா என்று கேட்டேன். அவர் நேர்மையானவர், உடனே பதில் போட்டார். நான்கு காசு லாபம் என்பது நான்கு ஆண்டில் முடிந்தால்தான். ஐந்தாம் ஆண்டு ஆகியிருந்தால் அது கரைந்திருக்கும். முந்தைய ஒன்பது குழுக்களும் நான்கு ஆண்டு என்றுதான் எழுதின என்பது உங்களுக்கே தெரியும் என்று எழுதியிருந்தார். அதைச் சுத்துக்காரருக்குப் படித்துக் காட்டினேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"எப்படியும் ஓடியிருக்காதுங்கறாங்களா?"

"இருக்கலாம்ங்கறாங்க."

"எதை எடுத்துக்கறது சார்? ஓடியிருக்காதுன்னா பத்தொம்பது வருஷம் சும்மா சுத்தியிருக்கேன். ஓடியிருக்கும்னா நான்தான் நிறுத்தினேன். ரெண்டுல எதை வச்சுக்கிட்டுத் தூங்கறது?"

அந்தக் கேள்விக்கான கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

அதன்பின் ஆறு ஆண்டு இருந்தார். ஒரு பம்பு பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தார். நன்றாகத்தான் செய்தார் என்றார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் கடைக்குப் போகமாட்டார். காலை ஒன்பதுக்கு முன்னறையில் நாற்காலியைப் போட்டு உட்காருவார். வலது கை தானாக மேலே போய்க் கீழே வரும். உதடு எண்ணும். "கூப்பிட்டா தெரியாதுண்ணே," என்றார் அவர் மனைவி. "முடியறவரைக்கும் இங்க இருக்கமாட்டாரு."

கடைசி நோயில் அவரைப் பார்க்கப் போனதும் ஒரு செவ்வாய்க்கிழமைதான். நான் தேர்ந்தெடுத்துப் போகவில்லை. வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். படுக்கையில் இருந்தார். தோள்கள் சுருங்கியிருந்தன. கை போர்வையின்மேல் ஒரு சாண் அளவுக்கு மேலே போய் வந்துகொண்டிருந்தது. அவர் மனைவி எனக்கு ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனார். மணி ஒன்பது இருபது. உதடசைவைப் பார்த்தேன், நாற்பத்தாறு. அங்கிருந்து நானும் சேர்ந்து எண்ணினேன்.

நூற்றைம்பதில் அவர் கையைப் பிடித்தேன். இறுக்கமாகத்தான் பிடித்தேன்.

"போதும்," என்றேன். "போதும்ணே. இதோட விட்டுடுங்க. பக்கம் மாறிப் படுத்துடும்."

வயதில் அவர் எனக்கு இளையவர். ஆனாலும் அண்ணே என்றுதான் வாயில் வந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. கை ஒரு நொடி நின்றது. நின்றுவிட்டது என்றே நினைத்தேன். பிறகு அந்தக் கை என் கையையும் சேர்த்துக்கொண்டு மெதுவாக மேலே போயிற்று, கீழே வந்தது. நூற்றைம்பத்தொன்று. அவ்வளவு மெலிந்த கையில் அந்த வலு எங்கிருந்தது என்று தெரியவில்லை. விடுவித்துக்கொண்டிருக்கலாம். நான் விடவில்லை. என் தோள் வலிக்கத் தொடங்கியது இருநூற்றுக்குப் பக்கத்தில். இருநூற்று நாற்பதில் அவர் கை நின்றது.

அந்தத் தொண்ணூறும் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.